ஸ்மார்ட் போர்ட்டா, புரொஜெக்டரா, வட்ஸ்அப்பா: யாழ்ப்பாணத்து வகுப்பறைக்கு எது பொருந்தும்?

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பழைய மாணவர்கள் ஊர்ப் பள்ளிக்கென்று காசு சேர்த்தால், இப்போது முதலில் அடிபடுகிற பெயர் ஸ்மார்ட் போர்ட், அதாவது கரும்பலகை மாதிரிப் பெரிய தொடுதிரை. முன்பு கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள், பிறகு கணினி அறை. கொடுப்பவர்களின் மனசு நல்ல மனசுதான். ஆனால் அந்தக் கருவிக்கு முன்னால் நின்று நாளும் பாடம் எடுக்கப் போகிறவரிடம் பெரும்பாலும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கோப்பாய், சாவகச்சேரி, வேலணைப் பக்கம் கற்பிக்கிற சில ஆசிரியர்களோடு இதைப் பற்றி ஆறுதலாகப் பேசக் கிடைத்தது. அவர்கள் சொன்னதையும் வகுப்புகளில் நான் பார்த்ததையும் வைத்துக்கொண்டு மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஸ்மார்ட் போர்ட். அதற்கு ஒரு பெரிய பலம் உண்டு, அது வெளிச்சம். எங்கள் பள்ளிகளில் பல வகுப்பறைகள் அரைச்சுவர் வைத்தவை. காற்று வருவதற்காக அப்படிக் கட்டியது. காலை ஒன்பது மணிக்கே இரண்டு பக்கத்தாலும் வெயில் உள்ளே வந்துவிடும். அந்த வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளிறிப்போகும், ஸ்மார்ட் போர்ட்டின் திரை தெளிவாகவே நிற்கும். பிள்ளை எழும்பி வந்து விரலால் தொட்டு விடையை நகர்த்தலாம். எழுதியதை அப்படியே சேமித்து அடுத்த நாள் திறக்கலாம். இதெல்லாம் உண்மையான வசதி.

சிக்கல் என்னவென்றால், அது ஒரே அறையில் பொருத்தப்பட்டிருக்கும், பிள்ளைகள்தான் அங்கே போக வேண்டும். பாடவேளை குறுகியது. தரம் 8 பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய், இருத்தி, கருவியைப் போட்டு, பாடத்தைத் திறப்பதற்குள் கால்வாசி நேரம் கரைந்துவிடும். மணி அடித்ததும் அடுத்த வகுப்பு வாசலில் நிற்கும். நேரசூசியில் அந்த அறை பெரும்பாலும் உயர்தர (தரம் 12, 13) வகுப்புக்குப் போய்விடுவதால், அடிப்படையே தடுமாறுகிற தரம் 6, 7 பிள்ளைகள் அதைக் காண்பது எப்போதாவதுதான். கருவி பழுதானால் திருத்துகிறவர் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். வேலணை போன்ற தீவுப் பகுதிகளில் உப்புக் காற்றும் கருவியைக் கெடுக்கும்.

விஞ்ஞான ரீச்சர் ஒருவர் சொன்னது எனக்கு நல்லாய் உறைத்தது. ஆயத்தம் செய்ய நேரம் கிடைக்காத நாளில் ஸ்மார்ட் போர்ட்டில் ஒரு வீடியோவைப் போட்டுவிடுகிறாராம். பிள்ளைகள் சத்தமில்லாமல் இருப்பார்கள். அதைப் பாடம் நடந்ததாகவே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருடைய கவலை.

இரண்டாவது வழிக்கு விளம்பரமே கிடையாது. ஒரு லாப்டொப், ஒரு சாதாரண புரொஜெக்டர், இணையம் இல்லாமலே திறக்கிற மாதிரி முன்கூட்டியே இறக்கி வைத்த பாடங்கள். அவ்வளவுதான். ஸ்மார்ட் போர்ட் ஒன்றின் விலைக்கு இதில் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகள் வாங்கலாம். ஆசிரியர் அதைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவார், பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

இதன் அருமை இறக்கி வைக்கிற பாடத்தில்தான் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய பெற் (PhET) என்கிற இலவசத் தொகுப்பில் திரையிலேயே செய்து பார்க்கிற பௌதிகவியல், இரசாயனவியல், கணிதச் செயற்பாடுகள் நிறைய உண்டு, தமிழிலும் கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கி வைத்தால் இணையம் தேவையில்லை. அதிலே மின்சுற்று ஒன்று இருக்கிறது. திரையில் ஒரு மின்கலம், ஒரு குமிழ், வயர். இணைத்ததும் இலத்திரன்கள் சின்னச் சின்ன நீல உருண்டைகளாக வயரில் ஓடும், குமிழ் எரியும். இப்போது இன்னொரு குமிழைத் தொடராக இணைத்தால் இரண்டும் மங்கும், உருண்டைகளின் ஓட்டமும் மெதுவாகும். அதையே சமாந்தரமாக இணைத்தால் இரண்டும் முதலில் எரிந்த பிரகாசத்தோடு எரியும். ஆய்வுகூடத்தில் குமிழ் மங்குவதைக் காட்டலாம். ஆனால் வயருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்ட எந்த ஆசிரியராலும் முடியாது.

இந்த மின்சுற்றுப் பாடத்தை நான் பார்த்த வகுப்பில் எடுத்த ஆசிரியர் செய்த ஒரு வேலையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டாவது குமிழை இணைப்பதற்கு முன் நிறுத்தி, என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரையும் கொப்பியில் எழுத வைத்தார். முதல் குமிழ் கூடுதலாக எரியும், அடுத்தது குறைவாக எரியும் என்று எழுதியவர்கள் நிறையப் பேர். மின்னோட்டம் வழியிலே செலவழிந்து போகிறது என்பது பிள்ளைகளுக்கு வழக்கமாக வருகிற பிழையான எண்ணம். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி மங்குகிறது. வகுப்பு கலகலத்துப் போனது. அங்கே கற்பித்தலைச் செய்தது அந்தக் கேள்வி. புரொஜெக்டர் அதற்கு உதவிக்கு நின்றது.

கணிதத்துக்கு ஜியோஜீப்ரா (GeoGebra) என்கிற வரைபட மென்பொருள் இருக்கிறது, இதுவும் இலவசம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதைப் பாடமாக்கி ஒப்புவிக்கிற பிள்ளைக்கு, பரிதியில் உள்ள புள்ளியைப் பிடித்து இழுக்க இழுக்க 90 பாகை மாறாமல் நிற்பதைக் காட்டினால், ஏன் என்று தானாகவே கேட்கும். அப்புறம்தான் நிறுவல். வரலாற்று ஆசிரியர்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் பெரிய சொத்து. பழைய ஈழத்துப் பத்திரிகைகளையும் மலர்களையும் இறக்கி, தங்கள் ஊரைப் பற்றிய பக்கத்தையே வகுப்பில் காட்டலாம். கல்வி அமைச்சின் இணையக் கல்வித் தளமான இ-தக்சலாவவில் பாடத்திட்டத்தோடு ஒட்டிய பாடங்கள் தமிழிலும் உண்டு.

குறைகளும் இருக்கின்றன. வெயில் பிரச்சினையைச் சொன்னேன். தடித்த திரைச்சீலை போட்டால் வெளிச்சம் குறையும், புழுக்கம் கூடும். கரண்ட் போனால் லாப்டொப் பற்றரியில் ஓடும், புரொஜெக்டர் அணைந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நடந்த காலத்தை யாரும் மறக்கவில்லை. அப்படி நிலைமை வந்தால் ஸ்மார்ட் போர்ட்டும் கைகொடுக்காது, வெண்கட்டிதான்.

மூன்றாவது, வட்ஸ்அப்பில் பாடம் அனுப்புவது. 2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டியபோது வேறு வழியில்லாமல் வந்தது, பிறகு போகவே இல்லை. புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை என்பதால் இதுதான் மலிவு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. செலவு ஆசிரியர் தலையிலும் பெற்றார் தலையிலும் விழுகிறது. பள்ளிக்குப் பிள்ளைகள் போன் கொண்டுவர முடியாது, ஆகவே பாடம் வீட்டுப் போனுக்குத்தான் போகும். அந்தப் போன் தகப்பனோடு வேலைக்குப் போய் இரவுதான் திரும்பும். மூன்று பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான். ரீச்சருக்கோ இரவு பத்து மணிக்கும் கொப்பிப் படங்கள் வந்துகொண்டிருக்கும். பாதிப் படம் கலங்கல், பாதி தலைகீழ். 2021 யூலையில் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி இணையவழிக் கற்பித்தலை நிறுத்தின. அதுவரை சொந்தப் போனிலும் சொந்த டேற்றாவிலும் பாடம் நடத்தியவர்கள் அவர்கள். அதை மறந்துவிட்டு மலிவு என்று சொல்லக்கூடாது.

ஆனாலும் ஒரு இடத்தில் வட்ஸ்அப்பை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. காய்ச்சலில் ஒரு கிழமை வராத பிள்ளைக்கும், கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் நெடுந்தீவில் நிற்கிற பிள்ளைக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்பலாம். தமிழ் ரீச்சர் ஒருவர் பிள்ளைகளின் வாசிப்பைக் குரலாக அனுப்பச் சொல்லி, ளகர ழகரத்தைத் தனித்தனியாகத் திருத்துகிறார். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகூட வாசித்து அனுப்புகிறதாம்.

சரி, கையில் காசோடு நிற்கிற பழைய மாணவர் சங்கத்துக்கு என் பதில் இது. தரம் 6 முதல் 11 வரை உள்ள சாதாரணப் பள்ளிக்கு இரண்டாவது வழி. முதல் காசில் லாப்டொப், புரொஜெக்டர், ஒலிபெருக்கி, தூக்கிப் போக ஒரு பை, இரண்டு வகுப்பறைகளுக்குத் திரைச்சீலை. மிச்சக் காசில் விடுமுறையில் இரண்டு நாள் பட்டறை. வெளியிலிருந்து ஆள் வந்து பேசிவிட்டுப் போகிற பட்டறை வேண்டாம். அதே பள்ளியில் ஏற்கெனவே செய்து பார்த்த ஆசிரியர் பக்கத்து ஆசிரியருக்குக் காட்டி, இருவரும் சேர்ந்து அடுத்த தவணைக்கான பாடங்களை இறக்கி வைக்கட்டும். அவர்களின் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் சங்கம் கொடுக்கட்டும். ஸ்மார்ட் போர்ட்டை, விஞ்ஞான அறையைத் தன் சொந்த அறையாக நாள் முழுக்கப் பாவிக்கிற ஆசிரியர் ஒருவர் தானே வந்து கேட்டால் வாங்கிக் கொடுங்கள். வட்ஸ்அப் குழுவுக்கு இரவு ஏழு மணிக்குப் பிறகு எதுவும் அனுப்புவதில்லை என்று அதிபரும் பெற்றாரும் ஒரு முடிவு எடுத்தால் போதும், அதற்குச் செலவே இல்லை.