நேம்ஸ்பேஸா, தனி கிளஸ்டரா?

ஹட்டனில் மூன்று பேராக ஒரு குபர்னெட்டிஸ் கிளஸ்டரை (கன்டெய்னர்களில் மென்பொருளை ஓட்டும் கணினிக் கூட்டம்) பார்த்துக்கொள்கிறோம். வேலைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்க, எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு என் ஓட்டு நேம்ஸ்பேஸுக்குத்தான், அதாவது ஒரே கிளஸ்டருக்குள் பெயரிட்டுப் பிரித்த பகுதிக்கு.

நேம்ஸ்பேஸ், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையான லயத்துக் காம்பரா மாதிரி: கதவு தனி, கூரை ஒன்று. ஒரே பெயரில் இரண்டு சர்வீஸ் இரு நேம்ஸ்பேஸில் இருக்கலாம். ஆனால் நோடும் (வேலைகள் ஓடும் கணினி) அதன் கெர்னலும் (இயங்குதளத்தின் மையம்) பொது. ரிசோர்ஸ் கோட்டா (ஒரு நேம்ஸ்பேஸ் எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பு) வைக்காவிட்டால் சோதனை வேலையே மெமரியை விழுங்கிவிடும். யார் யாரோடு பேசலாம் என்று சொல்லும் நெட்வொர்க் பாலிசி இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பராவோடு பாட்கள் (கன்டெய்னர்கள் ஓடும் சிறு அலகுகள்) தாராளமாகப் பேசும். பாலிசி எழுதினாலும் அதை அமல்படுத்தும் நெட்வொர்க் பிளகின் வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

தனி கிளஸ்டர், 7 பேர்ச் நிலத்தில் கட்டிய தனி வீடு. கன்ட்ரோல் பிளேன் (கிளஸ்டரை நிர்வகிக்கும் பகுதி), அப்கிரேட், பில் எல்லாம் இரட்டை. நம்பமுடியாத வெளியாள் கோட் ஓடுகிறதா? சரி, அப்போது செலவைப் பார்க்காதீர்கள்.