இத்தாலியின் ஒர்வியெட்டோவில் ட்ரஃபிள் பாஸ்தா சாப்பிடப் போகிறீர்களா? பில் வருவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்

பேராலயத்தில் ஓவியர் சிஞ்ஞொரெல்லியின் சுவரோவியங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, புனித பேட்ரிக் கிணற்றின் 248 படிகளில் இறங்கி ஏறி வருகிறவருக்குப் பசியில் கண் இருட்டும். அந்த நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நடப்பது இதுதான். முட்டை சேர்க்காமல் கையால் திரிக்கும் உம்ப்ரிகெல்லி பாஸ்தாவை ட்ரஃபிளோடு, அதாவது மண்ணுக்கடியில் கிழங்குபோல விளையும் விலையுயர்ந்த காளான் வகையோடு, கேட்பீர்கள். பரிமாறுபவர் ஒரு கிழங்கோடு வந்து, "மேலே கொஞ்சம் சீவட்டுமா?" என்பார். தலையை ஆட்டினால் போச்சு. பில்லில் அது தனிக் கணக்காக ஏறியிருக்கும். மெனுவின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் விலை ஒரு 'எத்தோ'வுக்கு, அதாவது 100 கிராமுக்கு. ஒரு தட்டுக்கு 5 முதல் 10 கிராம் தாராளம். எத்தோ 100 யூரோ என்று வையுங்கள். நிறுக்காமல் 20 கிராம் சீவினால் பாஸ்தா விலைக்கு மேல் 20 யூரோ. சீவுவதற்கு முன்னும் பின்னும் கிழங்கைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். "க்வான்தோ கொஸ்தா லெத்தோ?" என்று கேட்டாலே எத்தோ விலையைச் சொல்லிவிடுவார்கள். மாட்டிறைச்சி ஸ்டேக்கும் மீனும் இதே கணக்குதான்.

எந்தக் கிழங்கு என்பது அடுத்த விஷயம். 'நேரோ ப்ரெஜியாத்தோ' என்ற உயர்ந்த கறுப்பு ட்ரஃபிளின் பருவம் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை. ஜூலையில் அதை உள்ளூரில் புதிதாகத் தோண்டியது என்று தந்தால் பொய். கோடையில் கிடைப்பது 'ஸ்கோர்ட்சோனே', விலை மிகவும் குறைவு. வெளித்தோல் இரண்டிலும் கறுப்புதான். சீவிய துண்டைப் பாருங்கள்: கோடை வகையின் உட்புறம் வெளிறிய பழுப்பு, உயர்ந்த வகை கருஊதா, நடுவே மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகள்.

வாசலிலேயே மூக்கைத் துளைக்கும் கேஸ் கசிவு போன்ற வாடை வந்தால் திரும்பிவிடுங்கள். அது பெரும்பாலும் 2,4-டைதயாபென்டேன் என்ற செயற்கை மணப்பொருள் கலந்த எண்ணெய். பல மணி நேரம் ஏப்பத்தில் எதுக்களிக்கும். நல்ல கறுப்பு ட்ரஃபிளின் மணம் ஈர மண்ணைப் போல மெல்லியது, சூட்டில் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் கடைசியில் சீவுகிறார்கள். இதற்காகவே மலையேறி வருகிறவருக்கு எண்ணெயை ஊற்றித் தருவது பெரிய அநியாயம்.

ஊருக்கு வாங்கிப்போகும் 'சால்சா தர்த்தூஃபாத்தா' என்ற ட்ரஃபிள் சாஸ் குப்பியிலும் இதே கதை. சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். முதலில் சாதாரணக் காளான், பிறகு எண்ணெய், ஆலிவ். ட்ரஃபிள் பெரும்பாலும் சில சதவீதம்தான், கடைசியில் 'அரோமா', அதாவது சேர்த்த மணப்பொருள். அந்தச் சொல் இருந்தால் வைத்துவிடுங்கள்.

மேசையில் உட்காருவதற்கு ஆளுக்கு 2, 3 யூரோ வாங்கும் 'கொப்பெர்த்தோ' கட்டணம் மெனுவில் அச்சாகியிருந்தால் அது மோசடி இல்லை, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் துண்டுச் சீட்டில் கூட்டுத்தொகையை மட்டும் கிறுக்கித் தந்தால் பணம் எடுக்காதீர்கள். 'ப்ரேகொந்தோ' என்ற முன்கணக்குத் தாளும் வரி ரசீது அல்ல. ஒவ்வொன்றின் விலையும் தனித்தனியாக அச்சான 'ஸ்கொன்ட்ரீனோ' என்ற ரசீதைக் கேளுங்கள், மெனுவைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். ரசீது தர மறுத்தால் நிதிக் காவல் படையின் எண் 117.