ஹோண்டா எஸ்2000: எஞ்சினுக்கு எந்த ஆயில், கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்?

ஹோண்டா நிறுவனம் தன் ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி உருவாக்கி 1999-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஸ்2000, இருவர் மட்டும் அமரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய, பின்சக்கர இயக்கம் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். அதன் 1,997 சிசி எஞ்சின் டர்போவின் துணையின்றியே ஜப்பானிய வடிவத்தில் 250 குதிரைத்திறன் தந்தது; எஞ்சின் சுழற்சியின் உச்சவரம்பைக் குறிக்கும் சிவப்புக் கோடு நிமிடத்திற்கு 9,000 சுழற்சியில்தான் தொடங்கியது. பிஸ்டன் பயணிக்கும் தூரம் 84 மில்லிமீட்டர் என்பதால், அந்த வேகத்தில் அதன் சராசரி ஓட்டம் நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டுகிறது. 2004 முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்ற 2,157 சிசி வடிவத்தில் சிவப்புக் கோடு 8,000-க்கு இறங்கினாலும், பிஸ்டன் பயணம் 90.7 மில்லிமீட்டராக நீண்டதால் எஞ்சின் மீதான சுமை அதிகம் குறைந்துவிடவில்லை. 2009-இல் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று ஓடும் எஸ்2000 ஒவ்வொன்றும் வயதான வண்டி என்பதை மனத்தில் வைத்துத்தான் ஆயிலைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்தக் காரில் மூன்று இடங்களில் ஆயில் இருக்கிறது. எஞ்சினுக்கு வடிகட்டியோடு சேர்த்து மாற்றும்போது 4.8 லிட்டர், ஆறு வேக மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பின்புற டிஃபரன்ஷியலுக்கு முக்கால் லிட்டர் அளவு. கடைசியில் சொன்னதில் ஒப்பிட ஒன்றுமில்லை: அங்கே ஹைப்பாய்ட் வகைப் பற்சக்கரங்கள் கடும் அழுத்தத்தோடு ஒன்றன்மீது ஒன்று சறுக்கிச் சுழல்கின்றன, அதற்கு அழுத்தம் தாங்கும் சேர்மங்கள் நிறைந்த ஜிஎல்-5 தரத்துக் கியர் ஆயில்தான் தேவை. மற்ற இரண்டில்தான் குழப்பமும் செலவும் சேதமும் நேர்கின்றன. அவற்றின் தேவைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்பதைப் புரிந்துகொள்ளாததே காரணம் என்பது என் உறுதியான கருத்து. உலோகம் உலோகத்தைத் தொடாமல் பிரித்து வைப்பது எஞ்சின் ஆயிலின் வேலை. கியர்பாக்ஸ் ஆயிலோ, தக்க தருணத்தில் உலோகம் உலோகத்தைப் பற்றிக்கொள்ள வழிவிட வேண்டும்.

எஞ்சினை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சந்தைக்கான கையேடு 10டபிள்யூ-30 கிரேடை முன்னிறுத்துகிறது. உரிமையாளர்கள் பலர் 5டபிள்யூ-40-க்கு மாறுகிறார்கள். புதிய கார்களைப் பார்த்துப் பழகிய சிலர் 0டபிள்யூ-20 ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். எண்களின் பொருளைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் சூட்டில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கிறது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-இன் அளவுகோலின்படி, 100 டிகிரி வெப்பத்தில் 30 கிரேடு ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்க வேண்டும். 40 கிரேடு 12.5-இலிருந்து 16.3 வரை. இதைவிட முக்கியமானது, 150 டிகிரியில் ஆயிலைக் கடுமையாக அரைபடவைத்து அளக்கும் பாகுநிலை. பேரிங்குகளுக்குள் ஆயில் படலம் உண்மையில் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த எண்தான் காட்டுகிறது. மில்லிபாஸ்கல்-நொடி என்ற வேறொரு அலகில், 20 கிரேடுக்கு அதன் கீழ்வரம்பு 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5. எரிபொருள் சிக்கனத்துக்காக இறுக்கமான இடைவெளிகளோடு வடிவமைக்கப்பட்ட எஞ்சின்களுக்கு உருவான 0டபிள்யூ-20-ஐ, 9,000 சுழற்சியில் ஓடும் எஞ்சினில் ஊற்றுவதற்கு ஒரு காரணமும் இல்லை. அந்தப் போட்டியாளர் இத்துடன் விலகிவிடுகிறார்.

மீதமுள்ள இரண்டில் கெட்டியானதே பாதுகாப்பானது என்று சட்டென முடிவு கட்டுவது எளிது. ஆனால் 5டபிள்யூ-40 போன்று குளிருக்கும் வெப்பத்துக்கும் இடையே நீண்ட வீச்சை எட்டும் ஆயிலில், அந்த வீச்சைத் தருவதற்காகப் பாலிமர்கள் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன. அரைபட அரைபட அவை உடைந்து, மாற்றும் நாள் நெருங்குகையில் ஆயில் தன் கெட்டித்தன்மையில் ஒரு பகுதியை இழந்துவிடக்கூடும். வீச்சுக் குறைந்த 10டபிள்யூ-30 அந்தப் பாலிமர்களை அவ்வளவு நம்பியிருப்பதில்லை. அதன் அடிப்படை ஆயில் சற்றுக் கனமானது என்பதால் வெப்பத்தில் ஆவியாவதும் பொதுவாகக் குறைவு. இந்த எஞ்சினின் முதல் ஆண்டுகளில் வந்த வண்டிகள் ஆயிலைக் குடிப்பதற்குப் பேர்போனவை என்பதால், ஆவியாவது குறைவு என்பது சின்ன விஷயமல்ல. இரண்டு கிரேடுகளுக்கும் இடையே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆயிலின் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பார்ப்பவரே எஞ்சினைக் காப்பாற்றுகிறார் என்று நான் மனமார நம்புகிறேன். ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் அளவைப் பாருங்கள். வால்வுகள் திறக்கும் நேரத்தையும் உயரத்தையும் மாற்றும் ஹோண்டாவின் அமைப்பு விடெக்; இந்தக் காரில் 6,000 சுழற்சியை ஒட்டி அது வால்வைத் திறக்கும் கேமை மாற்றிப் பூட்டுவதே ஆயிலின் அழுத்தத்தால்தான். ஆயில் குறைந்த நிலையில் வளைவில் வேகமாகத் திரும்பும்போது பம்ப் காற்றை உறிஞ்சினால், முதலில் அடிவாங்குவது கனெக்டிங் ராடின் பேரிங்.

40 கிரேடின் பக்கம் வலுவாக வைக்கப்படும் இன்னொரு வாதம், துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்புச் சேர்மத்தைப் பற்றியது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) 2004-இல் கொண்டுவந்த எஸ்எம் தரத்திலிருந்து 30 கிரேடு ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 40 கிரேடுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. கேம் நேரடியாக உரசும் பழைய எஞ்சின்களுக்கு இது உண்மையிலேயே கவலைக்குரியது. எஸ்2000-இல் கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் கைகளில் உருளைகள் பொருத்தப்பட்டிருப்பதால் கேம் உரசுவதில்லை, உருளுகிறது. ஆகவே இந்த ஒரு காரணத்துக்காக 40-க்குப் போக வேண்டியதில்லை.

சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு நல்ல சிந்தெடிக் 10டபிள்யூ-30 போதும் என்பதே என் முடிவு. பந்தயத் தடத்தில் இருபது நிமிடம் விடாமல் ஓட்டுபவரின் நிலை வேறு. ஆயிலின் வெப்பம் 120 டிகிரியைத் தாண்டும்போது 30 கிரேடு நீர்த்துவிடுகிறது. ஆயில் வெப்பநிலையைக் காட்டும் மானியும் இந்தக் காரில் இல்லாததால் ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை. அவர் 5டபிள்யூ-40 ஊற்றட்டும், ஆனால் அதைச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றட்டும். சிந்தெடிக் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கார் வெளிவந்த அதே 1999-இல், கடுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட கனிம ஆயிலையும் சிந்தெடிக் என்று விளம்பரப்படுத்தலாம் என அமெரிக்க விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு தீர்ப்பளித்துவிட்டது. டப்பாவின் முன்பக்கத்தில் அந்தச் சொல் இருப்பதாலேயே உள்ளே இருப்பது ஆய்வகத்தில் கட்டமைக்கப்பட்ட மூலக்கூறு என்று எண்ணிவிடக் கூடாது. உற்பத்தியாளர் தரும் தரவுத்தாளில் 150 டிகிரிப் பாகுநிலையையும் ஆவியாகும் அளவையும் பார்த்து வாங்குவதே நல்லது.

கியர்பாக்ஸுக்கு வருவோம். கியரை மாற்றும்போது, வேறுவேறு வேகத்தில் சுழலும் இரு பாகங்களைச் சம வேகத்துக்குக் கொண்டுவருவது சிங்க்ரோ வளையம். கூம்பு வடிவிலான அதன் உட்பக்கத்தில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் உண்டு. அவை ஆயில் படலத்தை வழித்தெறிந்து, எதிரே உள்ள கூம்பை உராய்வால் பற்றிக்கொள்கின்றன. ஆயில் மிகக் கெட்டியாக இருந்தால் வழித்தெறியத் தாமதமாகும். மிக வழுக்கலாக இருந்தால் பிடிமானமே கிடைக்காது. இரண்டில் எது நேர்ந்தாலும் பற்கள் மோதி நறநறக்கும். 2004-க்கு முந்தைய வண்டிகளில் இந்த வளையங்கள் பித்தளை. அதன் பின் கார்பன் பூச்சு கொண்டவை வந்தன.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கனடாவில் நான் வாங்கிய 2001 மாடல் வண்டி, ஏப்ரல் மாதக் குளிர்காலையில் இரண்டாம் கியருக்குப் போகவே மறுத்தது. கிளட்ச்சை முழுவதுமாக மிதித்தாலும் கைப்பிடி ஒரு சுவரில் முட்டியதுபோல நின்றது. அழுத்தினால் நறநறவென்ற அதிர்வு உள்ளங்கைவரை வந்தது. முந்தைய உரிமையாளர் தந்த ரசீதுகளுக்கிடையே, ஒரு பட்டறை கியர்பாக்ஸில் ஜிஎல்-5 75டபிள்யூ-90 ஊற்றியதற்கான ரசீது இருந்தது. வடிகால் திருகைக் கழற்றியதும் கந்தக நெடி மூக்கைத் துளைத்தது. தட்டில் விழுந்த ஆயிலை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, பொன்துகள் தூவியதுபோலப் பித்தளை மினுங்கியது. திருகின் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறாக ஒட்டியிருந்தது எஃகுத் துகள். அது எந்த கியர்பாக்ஸிலும் இருப்பதுதான். காந்தத்தில் ஒட்டாமல் ஆயிலோடு மிதந்த அந்தப் பொன்னிறமே என்னைக் கலங்கவைத்தது.

பட்டறைக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். டிஃபரன்ஷியலுக்கு எது உயர்ந்த தரமோ அதுவே கியர்பாக்ஸுக்கும் உயர்ந்தது என்று நினைத்திருப்பார். ஜிஎல்-5 ஆயிலில் அழுத்தம் தாங்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்கள், அதைவிட மிதமான ஜிஎல்-4 தரத்து ஆயிலைப்போல ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். பித்தளையை அரிக்காத ஜிஎல்-5 ஆயில்கள் இப்போது வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் அரிக்காவிட்டாலும் சிங்க்ரோவின் பிடியை அது தளர்த்துகிறது என்ற குறை அப்படியே நிற்கிறது.

சரியான தெரிவுகளுக்குள் முதலிடம், பலருக்குச் சலிப்பூட்டுவதாக இருந்தாலும், மேனுவல் கியர்பாக்ஸுக்கென ஹோண்டா விற்கும் சொந்த எம்டிஎஃப் ஆயிலுக்கே. கியர் ஆயில் என்று கேட்டதும் தேன்போன்ற ஒன்றை எதிர்பார்ப்பவர்களுக்கு அதன் நீர்த்த தன்மை வியப்பளிக்கும். 10டபிள்யூ-30 எஞ்சின் ஆயிலுக்கு நெருங்கிய பாகுநிலைதான். எம்டிஎஃப் கிடைக்காதபோது எஞ்சின் ஆயிலையே தற்காலிகமாக ஊற்றலாம் என்று கையேடும் சொல்கிறது, தொடர்ந்து பயன்படுத்தினால் கியர் மாற்றுவது கடினமாகும் என்ற எச்சரிக்கையோடு. ஜெனரல் மோட்டார்ஸின் சிங்க்ரோமெஷ் ஆயில், உராய்வு திருத்தப்பட்ட வகை, எஸ்2000 ஓட்டுபவர்களிடையே பல ஆண்டுகளாகச் செல்வாக்குப் பெற்றது. குளிரில் கியர் விழுவது எம்டிஎஃபை விட மென்மையாக இருப்பதை நானே உணர்ந்தேன். ரெட் லைன் நிறுவனத்தின் எம்டிஎல், எம்டி-90 இரண்டில், சாலைக்கு நீர்த்ததான எம்டிஎல் பொருந்தும். எம்டி-90 சூடான ஊர்களிலும் பந்தயத் தடத்திலும் பற்சக்கரங்களுக்குக் கூடுதல் காப்புத் தரும், ஆனால் குளிர்காலையில் அதற்கான விலையைக் கியர் மாற்றும் கைதான் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டுமே ஜிஎல்-4 வகையைச் சேர்ந்தவை.

கியர் ஆயிலின் எண்களை எஞ்சின் ஆயிலின் எண்களோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அளவுகோல்களே வேறு. 75டபிள்யூ-90 கியர் ஆயில், எஞ்சின் ஆயிலின் 40 கிரேடை ஒட்டிய கெட்டிதான். 90 என்ற எண்ணைப் பார்த்து இரு மடங்குக்கும் மேல் கெட்டி என்று நினைத்துவிட வேண்டாம்.

என் வண்டியில் இப்போது எம்டிஎஃப் இருக்கிறது. முதலில் ஊற்றியதை ஐந்நூறு கிலோமீட்டரில் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பினேன், பழைய ஜிஎல்-5-இன் மிச்சமும் சேர்ந்து வெளியேறட்டும் என்பதற்காக. இரண்டாம் முறை வடித்ததில் பொன்னிறம் மிகவும் குறைந்திருந்தது. நீங்களே செய்வதானால், வடிகால் திருகைத் தொடுமுன் மேலே நிரப்பும் திருகு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிலை வடித்த பிறகு அது இறுகிப்போயிருப்பது தெரியவந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். சமதரையில் வண்டியை உயர்த்தி, நிரப்பும் துளையின் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கும்வரை ஊற்றினால் அளவு சரியாக இருக்கும். தேய்ந்துபோன வளையத்தை எந்த ஆயிலாலும் மீட்க முடியாது என்பதால், குளிர்காலைகளில் முதல் சில கிலோமீட்டர்களுக்கு இரண்டாம் கியரை இன்னமும் மெதுவாகத்தான் போடுகிறேன்.