25 நாளா, 15 நாளா: மார்பக நீக்கத்துக்குப் பின் கதிர்வீச்சு

புற்றுநோய்க்காக மார்பகத்தையே எடுத்த பிறகும் எதற்குக் 'கரண்டு' (கதிர்வீச்சு) வைக்க வேண்டும் என்று நானும் கேட்டவள்தான். அக்குளில் நான்கோ அதற்கு மேலோ நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) நோய் இருந்தால், மார்புச் சுவரில் எஞ்சியிருக்கக்கூடிய செல்களை அழிக்கக் கதிர்வீச்சு அவசியம் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஒன்று முதல் மூன்று வரை என்றால்தான் விவாதம். எனக்கு ஐந்து.

பழைய முறையில் 25 அமர்வுகளில் 50 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு), ஐந்து வாரம். புதிய முறையில் நாளளவைச் சற்றுக் கூட்டி 15 அமர்வுகளில் 40 கிரே, மூன்று வாரம். நான் மூன்று வாரத்தைத் தேர்ந்தேன். நாளளவு கூடினால் தோல் வெந்துவிடும் என்று அஞ்சினேன். ஆனால், மார்பகம் நீக்கிய 820 பெண்களிடம் சீனாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், 15 அமர்வுகளில் 43.5 கிரே பெற்றவர்களுக்கு நோய் அங்கேயே திரும்புவது கூடவில்லை; கடுமையான தோல் பாதிப்போ 25 அமர்வுக்காரர்களில் 8 சதவீதமாகவும் இவர்களில் 3 சதவீதமாகவும் இருந்தது.

ஆயினும் என்னை முடிவெடுக்க வைத்தது பேருந்துதான். நீடாமங்கலத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூருக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். இயந்திரத்தடியில் படுத்திருக்கும் பத்து நிமிடத்துக்காக ஒரு பகல் முழுதும் கழிந்துவிடும். அறுவை நடந்த பக்கத்துக் கையால் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது, மறுகையில் கோப்புப் பை இருக்கும், கதிர் படவேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் போட்ட மைக்கோடு வியர்வையில் அழிந்துவிடுமோ என்ற கவலை வேறு. 25 அமர்வு என்றால் போக வர 50 பயணம், 15 என்றால் 30. சம்பா நடவு நேரத்தில் துணைக்கு ஆள் கிடைப்பதும் அரிது. இடையில் இயந்திரம் இரண்டு நாள் பழுதாகி நின்றபோது, பாக்கி நாள்கள் குறைவாக இருந்ததே ஆறுதலாக இருந்தது.

தஞ்சாவூரிலேயே வீடோ தங்க இடமோ இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பாதி அடிபட்டுப்போகும். 5 நாளில் 26 கிரே தரும் பிரிட்டன் முறையும் உண்டு. நெறிகளுக்கும் கதிர் தேவைப்பட்டதால் எங்கள் மருத்துவர் அதைப் பரிந்துரைக்கவில்லை. மார்பக மறுசீரமைப்பு செய்துகொண்டவர்கள் என் அனுபவத்தை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். நான் அதைச் செய்துகொள்ளவில்லை.

சிகிச்சை முடிந்த மறுவாரம் அக்குளில் தோல் கறுத்து உரிந்து, பின்னர் ஆறியது. கை வீக்கமும் தோள் இறுக்கமும் ஆண்டுகள் கழித்தும் வரலாம் என்பதால், இரண்டே ஆண்டு கடந்த நான் அதைப் பற்றி உறுதியாகச் சொல்வதற்கில்லை. இப்போதைக்கு வீக்கம் இல்லை, ஆனால் சுவரில் விரல்களை ஏற்றும் பயிற்சியை நான்கு நாள் விட்டால் கொடியில் துணி போடக் கை எட்டுவதில்லை.