உப்பு, செம்பு, வைரம், பென்சில் முனை: எந்தப் பிணைப்பு வலுவானது?

கல்லுப்பைச் சுத்தியலால் அடித்தால் நொறுங்கும், செம்பை அடித்தால் தகடாகும். இரண்டிலும் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது நேர், எதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்புதான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

உப்பில் அணுக்கள் மின்னூட்டம் பெற்று அயனிகளாக இருக்கின்றன: சோடியம் நேர் அயனி, குளோரின் எதிர் அயனி (குளோரைடு). ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இதை 1913இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக் காட்டினார். உப்புக்குள் சோடியமும் குளோரினும் ஜோடி சேர்ந்த தனி மூலக்கூறே கிடையாது என்றாகிவிட்டது. 1927இல்கூட ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வேதியியலாளர் இதை ஏற்க மறுத்து 'நேச்சர்' இதழில் காட்டமாக எழுதினார்! அடி விழுந்து ஓர் அடுக்கு கொஞ்சம் நகர்ந்தாலே சோடியத்துக்கு எதிரே சோடியம் வந்துவிடும். ஒரே மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ள, படிகம் பிளக்கிறது.

செம்பில் வெளி எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லை, உலோகம் முழுக்கப் பரவியிருக்கின்றன. அடுக்கு எங்கே நகர்ந்தாலும் பிடிப்பு விடாது. மின்சாரம் எளிதாகப் பாய்வதும் இதனால்தான். அடி தாங்குவதில் என் ஓட்டு செம்புக்கே.

சரி, உருகுநிலையை வைத்துத் தரம் பிரிக்கலாமா? உப்புக்கு 801 டிகிரி செல்சியஸ், செம்புக்கு 1085. ஆனால் பாதரசமும் உலோகம்தான், மைனஸ் 39 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. டங்ஸ்டனுக்கோ 3422 டிகிரி வேண்டும். 'உலோகப் பிணைப்பு அயனிப் பிணைப்பைவிட வலுவானது' என்று பொத்தாம்பொதுவாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களோடு, குறிப்பிட்ட திசைகளில், எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பால் கட்டுண்டிருக்கிறது. அதனால் கீறுவது கடினம். ஆனால் சரியான தளத்தில் அடித்தால் வைரமும் பிளக்கும். வைரம் வெட்டுபவர்கள் இதைக் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட். அதுவும் கார்பன்தான், ஆனால் தாளில் தேய்த்தாலே உதிர்கிறது. அதன் அடுக்குக்குள் அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர், வைரத்தில் 0.154. அதாவது, மென்மையான கிராஃபைட்டின் அடுக்குக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தின் பிணைப்பைவிடக் குட்டையானது, வலுவானதும்கூட. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே இருப்பதுதான் பலவீனம்: 0.335 நானோமீட்டர் இடைவெளி, எலக்ட்ரான்களைப் பகிராத, லேசான 'வாண்டர் வால்ஸ்' ஈர்ப்பு. எழுதும்போது அறுபடுவது இதுதான்.

2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நொவோசெலவ் குழுவினர் கிராஃபைட்டை ஒட்டும் டேப்பால் உரித்து உரித்து, ஓரணு தடிமனே உள்ள கிராஃபீனைப் பிரித்தெடுத்தார்கள். அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பு லேசாக இருந்ததால் டேப்போடு உரிந்து வந்தது. அடுக்குக்குள் சகப்பிணைப்பு உறுதியாக இருந்ததால் அந்தத் தாள் சிதையாமல் முழுசாகக் கிடைத்தது.