மூக்கு அலர்ஜிக்கு மாத்திரையா, ஸ்ப்ரேயா?

மழை விட்டுக் காலி மனைகளில் பார்த்தீனியம் பூத்ததும் பலருக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும். மருந்துக்கடையில் முதலில் கைக்கு வருவது செட்ரிசின் 10 மி.கி. தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு மூன்றும் இதற்கு நன்றாகக் கேட்கும். ஒரு மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரியும். மூக்கடைப்பு மட்டும் அசையாது. அரிப்பையும் தும்மலையும் கிளப்புவது உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம், அதை மாத்திரை தடுத்துவிடுகிறது. அடைப்பு வருவது உள்சவ்வு வீங்குவதால். அதைக் குறைக்க ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் சரி. ஆகவே எப்போதாவது வரும் தும்மலுக்கு மாத்திரை போதும். வாரக்கணக்கில் மூக்கடைத்துத் தூக்கம் கெடுகிறவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு ஸ்ப்ரே.

மாத்திரைகளில் செட்ரிசினும் லெவோசெட்ரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும், இரவில் போடுவது நல்லது. பகலில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஃபெக்ஸோஃபெனடின் (அலெக்ரா 120) பொருத்தம். அதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸுடன் எடுத்தால் உடலில் சேரும் அளவு குறைந்துவிடும். ஜெலுசில் போன்ற மருந்துகளையும் அதே நேரத்தில் குடிக்கக் கூடாது. பழைய அவில் வேண்டவே வேண்டாம்: தூக்கம், வாய் வறட்சி, புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைப்பு.

ஸ்ப்ரேயில் ஃப்ளோமிஸ்ட் (ஃப்ளூடிகசோன் புரோபியோனேட் 50 மைக்ரோகிராம்), அவாமிஸ் (ஃப்ளூடிகசோன் ஃபியூரோயேட் 27.5) இரண்டுமே நல்லவை. பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவு, தினம் ஒரு வேளை, ஒவ்வொரு துவாரத்திலும் 2 அடி. கட்டுக்குள் வந்ததும் 1 அடியாகக் குறைக்கலாம். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும். "மூணு நாள் அடிச்சேன், கேக்கல" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். சீசன் வரும் மாதம் தெரிந்தவர்கள் ஒரு வாரம் முன்பே தொடங்கிவிட வேண்டும்.

அடிக்கும் முறையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். புது பாட்டிலைக் குலுக்கி, சீரான புகை வரும்வரை காற்றில் சில முறை அழுத்துங்கள். மூக்கைச் சிந்திவிட்டுத் தலையை லேசாக முன்னால் குனியுங்கள். அண்ணாந்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை. அப்போதுதான் முனை நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம், அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கித் திரும்பும். நடுச்சுவரில் தினமும் பட்டால் அங்கே புண்ணாகி ரத்தம் கசியும். அடிக்கும்போது மெதுவாக மூச்சிழுங்கள். வேகமாக உறிஞ்ச வேண்டாம்.

இந்த ஸ்ப்ரேயையும் ஆட்ரிவின், நாசிவியான் வகையையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அவை ரத்தக்குழாயைச் சுருக்கி நிமிடங்களில் மூக்கைத் திறக்கும். நாலைந்து நாளைத் தாண்டினால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

ஸ்டீராய்டு ஸ்ப்ரேயுடன் தினமும் மாத்திரையும் சேர்ப்பதால் மூக்குக்குக் கூடுதல் பலன் குறைவு. போதவில்லை என்றால், ஹிஸ்டமினைத் தடுக்கும் அசெலாஸ்டினும் சேர்ந்த டுவோநேஸ் ஸ்ப்ரே பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நாக்கில் கசக்கும், ஆனால் வேகமாகக் கேட்கும். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தம் கலந்த சளி, நெஞ்சில் வீசிங் இருந்தால் கடையில் எதையும் வாங்காமல் நேரே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.