புதுப்பேட்டையில் எடுத்த ஸ்டெப்னி டிஸ்க்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் ஐ10 கார் வேளச்சேரியில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இன்ஜினைப் பார்த்தோம், சீட்டைக் காயவைத்தோம். டிக்கிக்கு அடியில் கிடந்த ஸ்டெப்னி யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அடுத்த மே மாதம் அச்சிறுபாக்கம் தாண்டி டயர் பஞ்சர் ஆனபோதுதான் அந்தப் பலகையைத் தூக்கினேன். சேறு பாளம் பாளமாகக் காய்ந்திருந்தது. டிஸ்க்கின், அதாவது டயர் உட்காரும் இரும்புச் சக்கரத்தின், ஓரத்தில் துரு, விரல் பட்டாலே செதிலாக உதிர்ந்தது. காற்று சுத்தமாக இல்லை.

பஞ்சர் கடை அண்ணன் டயரில் இருந்த 1219 என்ற எண்ணைப் பார்த்து, "2019ஆம் வருஷம் பன்னிரண்டாவது வாரத்து டயர், இன்னும் ஓடும். டிஸ்க்தான் போச்சு சார். டியூப்லெஸ்ல டயர் உட்கார்ற ஓரம் வழவழன்னு இல்லன்னா காத்து நிக்காது" என்றார்.

புது டிஸ்க் 2,600 ரூபாய், வர பத்து நாள் என்றார்கள். அடிபடாத பழசு போதும் என்று, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குக் கிளம்பினேன். துருப்பிடித்த பழைய டிஸ்க்கையும் வண்டியில் போட்டுக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

முதல் கடையில் "எல்லாம் நாலு நட்டுதான் சார், போட்டா உட்காரும்" என்று ஒரு 13 இன்ச் டிஸ்க்கை நீட்டினார்கள். பழைய ஹோண்டா சிட்டியுடையது. என்னுடையதை அதன்மேல் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டுக்கும் 4x100, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு நட்டு ஓட்டை என்பதால் நான்கு ஓட்டையும் அச்சாகப் பொருந்தின. நடு ஓட்டையில்தான் சிக்கல்: சுற்றிலும் ஒரு நகக்கீற்று இடைவெளி தெரிந்தது. ஐ10க்கு அது 54.1 மில்லிமீட்டர், சிட்டிக்கு 56.1. கூம்பு நட்டு சக்கரத்தை நடுவுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். இருக்கலாம். ராத்திரி மழையில், ஜாக்கி போட்டு, அவசரத்தில் நட்டு முடுக்கும்போது சக்கரம் நடுவில் உட்கார்ந்ததா என்று யார் பார்ப்பது? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இரண்டாவது கடை சந்துக்குள், இருவர் ஒதுங்கிப் போகிற அகலம். கடைக்காரர் வண்டி என்ன என்றுகூடக் கேட்கவில்லை. என் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மூன்று ஐ10 டிஸ்க் கொண்டுவந்தார். ஒன்று பளபளவென்று புதிதாகப் பெயின்ட் அடித்தது. வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்துப் போயிருந்த காந்தத்தை ஓரமாக நகர்த்தினேன். ஒரு இடத்தில் பிடிக்காமல் நழுவியது: உள்ளே பட்டி பூசி அடைத்திருந்தார்கள்! கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதைத் தள்ளி வைத்தார். இரண்டாவதில் வெல்டிங் தடம். மூன்றாவது கறுத்து அழுக்காக இருந்தது, ஆனால் ஓரம் சீராக இருந்தது. 1,200 சொன்னார், 850க்குப் படிந்தது. பில் கேட்டால் மட்டும் காது கேட்காது.

அங்கேயே மாட்டிப் பார்க்க விட்டதற்காக இந்தக் கடைக்குத் தனியாக ஒரு மதிப்பெண் தரலாம். முன் சக்கரத்தில் மாட்டிப் பாருங்கள். பின்னால் டிரம் பிரேக், அங்கே எது வேண்டுமானாலும் இடிக்காமல் சுற்றும். முன்னால்தான் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் இருக்கிறது. ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, கையால் சுற்றிப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை. பிறகு டயர் கடையில் பழைய டயரைக் கழற்றி இதில் ஏற்றினோம். பாலன்ஸிங் மெஷினில் லேசாக ஆடியது. கவலைப்படுகிற அளவுக்கு இல்லை, ஸ்டெப்னிக்குத் தாராளம்.

ஸ்டெப்னி என்ற பெயரே வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்ததாம். 1904இல் டேவிஸ் சகோதரர்கள் அங்கே உபரிச் சக்கரம் செய்து விற்றிருக்கிறார்கள். நம் பஞ்சர் கடைகளில் அந்தத் தெருப்பெயர் தினமும் புழங்குகிறது.

டிஸ்க்கை வைக்கும் முன் டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழியைக் கழுவினேன். அடியில் தண்ணீர் வடிய ஒரு ரப்பர் மூடி இருந்தது. பதினொரு வருடமாக ஓட்டுகிறேன், அதைப் பிடுங்கியது அன்றுதான் முதல் தடவை.